2 மீட்டர் ரிப்பீட்டருக்கு ஃபோல்டட் டைபோல் ஆன்டெனா: குழாய் வளைப்பதில் தொடங்கி மாஸ்டில் ஏற்றும் வரை

வீட்டு மொட்டை மாடியில் ஒரு கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா கட்டினால், எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவும் கேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3-க்குக் கீழே வந்ததும் வேலை முடிந்தது என்று காபி குடிக்கப் போகலாம். ரிப்பீட்டருக்கு அது போதாது. ரிப்பீட்டர் என்பது ஒரு அதிர்வெண்ணில் வரும் பேச்சை இன்னொன்றில் மறுபடி அனுப்பும் நிலையம், அது ஒரே ஆன்டெனாவில் ஒரே நேரத்தில் பேசவும் செய்கிறது, கேட்கவும் செய்கிறது. 25 வாட் வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே, வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, மைக்ரோவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள சிக்னலை அது பிடித்தாக வேண்டும். இரண்டுக்கும் நடுவே 160 டெசிபெலுக்கு மேல் வித்தியாசம். அந்த நிலையில் ஒரு தளர்ந்த போல்ட்டோ துருப்பிடித்த கிளாம்ப்போ ரிசீவரைச் செவிடாக்கிவிடும், எஸ்டபிள்யூஆர் மீட்டரோ எதுவும் நடக்காதது போல 1.2 காட்டிக்கொண்டிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் இணைப்புகளையும் வரிசையையும் பற்றித்தான் அதிகம் வரும். செய்யப்போவது இரண்டு ஃபோல்டட் டைபோல்களை (நீண்ட வளையமாக மடித்த குழாய் ஆன்டெனாக்களை) ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த ஆன்டெனா. நான்காகப் பெருக்குவதற்கான கணக்கும் போகிற வழியில் இருக்கிறது.

1. குழாயைத் தொடும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் அனுமதி. ஹாம் லைசென்ஸ் கையில் இருப்பதாலேயே ரிப்பீட்டர் வைத்துவிட முடியாது, அதற்கு டபிள்யூபிசியிடம் (மத்திய அரசின் வயர்லெஸ் அனுமதிப் பிரிவு) தனி அனுமதி வேண்டும். அதிர்வெண் ஜோடி கையில் வராமல் ஆன்டெனா வேலையைத் தொடங்கினால் எல்லா நீளங்களையும் பிறகு மாற்ற நேரும்.

அடுத்து மைய அதிர்வெண். இந்தியாவில் 2 மீட்டர் பேண்டு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. ரிப்பீட்டர் உள்ளீடு வெளியீட்டைவிட 600 கிலோஹெர்ட்ஸ் கீழே இருக்கும். உதாரணமாக வெளியீடு 145.600, உள்ளீடு 145.000 என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனாவை இரண்டுக்கும் நடுவே 145.300-க்கு வெட்ட வேண்டும். வெளியீட்டு அதிர்வெண்ணுக்கு மட்டும் டியூன் செய்துவிட்டு உள்ளீட்டை மறந்துவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்வது, ஏனென்றால் மீட்டரில் தெரிவது டிரான்ஸ்மிட்டர் மட்டும்தான்.

மூன்றாவது, எத்தனை டைபோல். எல்லோரும் முதலில் நான்குதான் கேட்பார்கள். இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது. ஏற்காட்டின் விளிம்பில் ஆன்டெனா இருக்கிறது, சேலத்துக்குச் சிக்னல் போக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். உயர வித்தியாசம் சுமார் 1200 மீட்டர், நேர்க்கோட்டில் தூரம் 15 கிலோமீட்டருக்குள். அதாவது நகரம் அடிவானத்துக்குக் கீழே நாலரை டிகிரியில் கிடக்கிறது. நான்கு டைபோலின் கற்றை மேலிருந்து கீழ் சுமார் 15 டிகிரி அகலம், எனவே நகரம் அதற்குள் வந்துவிடும். ஆனால் 4 கிலோமீட்டர் தள்ளி மலைக்கு நேர் கீழே வண்டியில் போகிறவர் 16, 17 டிகிரி கோணத்தில் இருக்கிறார், அங்கே இந்த ஆன்டெனாவுக்குச் சரியாகப் பள்ளம் விழும். ரிப்பீட்டர் தலைக்கு மேலேயே இருக்கும், கிடைக்காது. இரண்டு டைபோலின் கற்றை சுமார் 30 டிகிரி. மலை உச்சிக்கு இரண்டு போதும் என்பது என் கருத்து. சமவெளியில் ஒரு கட்டடத்தின் மேலே வைப்பதானால் நான்கு வைக்கலாம், அங்கே எல்லோரும் அடிவானத்தில்தான் இருக்கிறார்கள்.

2. சாமான்களும் அவை எங்கே கிடைக்கும் என்பதும்

டைபோலுக்கு ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் அரை இஞ்ச் காப்பர் குழாய். ஒரு டைபோலுக்கு 2.1 மீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். அலுமினியம் மலிவு, லேசு, ஆனால் அதில் கோஆக்ஸை (பின்னல் உறைக்கு நடுவே ஒரு கம்பி ஓடும் கேபிள்) நேரடியாகச் சால்டர் செய்ய முடியாது. ஸ்க்ரூ போட்டால் அலுமினியமும் செம்பும் தொடும் இடம் முதல் மழைக்காலத்திலேயே அரிக்கத் தொடங்கும். கடலோர ஊரென்றால் இன்னும் சீக்கிரம்.

டைபோலை மாஸ்டிலிருந்து (நிற்கும் கம்பம்) தள்ளித் தாங்கும் பூமுக்கு 25 மி.மீ. சதுர எஸ்எஸ் பைப், 304 தரம். கேட் செய்யும் எந்தப் பட்டறையிலும் துண்டு கிடைக்கும். போல்ட், நட், யூ கிளாம்ப் எல்லாமே எஸ்எஸ்தான் வேண்டும். ஒரு டைபோலுக்கு 5 மி.மீ. கனத்தில் உள்ளங்கை அளவு செம்புத் தகடு ஒன்றும், ஊட்டும் இடத்தில் (கேபிள் டைபோலோடு சேரும் இடம்) இடைவெளியைத் தாங்க டெஃப்லான் ராட் துண்டு ஒன்றும் தேவை.

75 ஓம் கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேபிள் டிவி கடையில் கிடைக்கும் ஆர்ஜி-6, ஆர்ஜி-11 பெரும்பாலும் நுரை இன்சுலேஷனும் அலுமினியப் பின்னலும் கொண்டவை. அலுமினியப் பின்னலில் ஈயம் பிடிக்காது. செம்புப் பின்னலும் திடமான பாலிஎத்திலீன் இன்சுலேஷனும் உள்ள ஆர்ஜி-59 அல்லது ஆர்ஜி-11 கேட்டு வாங்குங்கள். வெட்டிய முனையை நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும்: நுரையானால் அமுங்கும், வெள்ளையாக இருக்கும், திடமானது கண்ணாடி போல அரைகுறையாக ஒளி ஊடுருவும், அமுங்காது. 50 வாட் வரை ஆர்ஜி-59 தாங்கும், சக்தி இரண்டாகப் பிரிந்துதானே போகிறது.

அளவிட நானோவிஎன்ஏ (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஆன்டெனாவின் மின்தடையைத் திரையில் காட்டும் சிறு கருவி) ஒன்று வேண்டும். வெறும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை வைத்துக்கொண்டு இந்த ஆன்டெனாவைச் செய்யவே வேண்டாம், கேபிள் நீளம் வெட்டும் வேலைக்கு அது உதவாது.

3. கணக்கு, ஒரே முறை, காகிதத்தில்

299.8-ஐ 145.3-ஆல் வகுத்தால் அலைநீளம் 2.063 மீட்டர். இதிலிருந்து எல்லாம் வந்துவிடும்.

டைபோலின் முனைக்கு முனை நீளம் சுமார் 96.5 செ.மீ. அரை அலை 103 செ.மீ. ஆயிற்றே என்று கேட்கலாம். குழாய் தடிமனாக ஆக நீளம் குறையும், அதோடு வளைந்த முனைகளும் இருக்கின்றன.

திட பாலிஎத்திலீன் கேபிளில் அலை 0.66 மடங்கு வேகத்தில்தான் போகும். ஆகவே அரை அலை பலூனுக்கு (டைபோலைக் கேபிளோடு பொருத்தும் கோஆக்ஸ் வளையம், 5-ஆம் படியில் வரும்) 68.1 செ.மீ., கால் அலைக்கு 34 செ.மீ. இரண்டு டைபோல்களின் மையத்துக்கு மையம் 1.8 மீட்டர் வைக்கிறோம். இதைவிட நெருக்கினால் கெயின் குறையும், ஒரு முழு அலையைத் தொட்டால் ஆன்டெனா மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் வீணாகக் கதிர்வீசத் தொடங்கும்.

டைபோலிலிருந்து பூம் வழியாக மாஸ்டுக்கு அரை மீட்டர், அங்கிருந்து இரண்டு டைபோலின் கேபிள்களும் சேரும் நடுப்பெட்டிக்கு 90 செ.மீ., மொத்தம் 1.4 மீட்டர். கேபிள் கால் அலையின் ஒற்றைப்படை மடங்காக இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று மடங்கு 1.02 மீட்டர், எட்டாது. ஐந்து மடங்கு 1.70 மீட்டர், அதுதான் நமக்கு. நுரைக் கேபிள் தவிர வேறு வழியில்லை என்றால் இந்த எண்கள் எதுவும் பொருந்தாது. 7-ஆம் படியில் சொல்லும் அளவு முறையை மட்டும் நம்புங்கள்.

4. டைபோலை வளைப்பது

ஃபோல்டட் டைபோலைப் பலர் நான்கு துண்டுகளும் எல்போவுமாகச் செய்கிறார்கள். ஒரே குழாயை வளைத்துச் செய்தால் இணைப்பே கிடையாது. இணைப்பு இல்லாத இடத்தில் சத்தமும் வராது. ரிப்பீட்டருக்கு இதுவே பெரிய லாபம்.

ஏசி மெக்கானிக்கின் கை பெண்டர் போதும். அரை இஞ்ச் குழாய்க்கான பெண்டரில் இரண்டு கைகளுக்கும் நடுவே 7 முதல் 8 செ.மீ. இடைவெளி வரும், அதை மாற்ற முயல வேண்டாம். குழாயின் சரிபாதியை மார்க்கரால் குறியுங்கள், அது பின்கையின் (நடுவில் வெட்டில்லாத கையின்) மையம். அங்கிருந்து இரு பக்கமும் சம தூரத்தில் வளைவு தொடங்கும் இடத்தைக் குறித்து, ஒவ்வொரு முனையையும் 180 டிகிரி திருப்புங்கள். திருப்பியபின் இரு முனைகளும் முன்கையின் நடுவில் சந்திக்கும். அங்கே இரண்டரை செ.மீ. இடைவெளி விட்டு மிச்சத்தை வெட்டுங்கள்.

வளைக்கும்போது குழாய் முறுக்கிக்கொள்ளும். முதல் வளைவு முடிந்ததும் டைபோலைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், இரண்டு கைகளும் தரையைத் தொடாவிட்டால் அப்போதே நேராக்குங்கள். இரண்டாவது வளைவும் முடிந்த பிறகு நேராக்கப் போனால் குழாய் நெளிந்துவிடும்.

முதலில் ஒன்றை மட்டும் செய்து 6-ஆம் படி வரை கொண்டுபோய் அளந்து பாருங்கள். அளவு சரியாக வந்தபின் மற்றதை அதே பெண்டரில், அதே குறிகளில் செய்யுங்கள். ஃபோல்டட் டைபோல் அகலமான பேண்டுள்ளது, ஒரு செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒன்று 96, இன்னொன்று 98 என்று இருந்தால் இரண்டிலும் மின்னோட்டத்தின் கட்டம் மாறிப்போய்க் கற்றை சாயும்.

பின்கையின் மையத்தில் செம்புத் தகட்டை பிரேசிங் செய்து, தகட்டில் இரண்டு துளை போட்டு பூமில் போல்ட் செய்யுங்கள். அந்த மையம் மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்கும் புள்ளி, அதனால் உலோகப் பூமில் நேரடியாகப் பிடிக்கலாம், இன்சுலேட்டர் தேவையில்லை. இதனால் ஆன்டெனா முழுவதும் மாஸ்ட் வழியாகத் தரையோடு சேர்ந்துவிடுகிறது, இடி மழையில் சேரும் நிலைமின்சாரம் வடிந்துவிடும்.

5. பலூனும் ஊட்டும் இடமும்

ஃபோல்டட் டைபோலின் மின்தடை சுமார் 280 ஓம். அரை அலை கோஆக்ஸ் வளையம் அதை நான்கில் ஒரு பங்காக்கும், சமநிலை இல்லாத கேபிளைச் சமநிலையுள்ள டைபோலோடும் சேர்க்கும்.

68 செ.மீ. கேபிளை எடுத்து (பின்னல் இருக்கும் நீளம்தான் கணக்கு, உரித்த நடுக்கம்பி சேராது) 7-ஆம் படியில் சொல்லும் முறையில் நீளத்தைச் சரிபார்த்து வளையமாக்குங்கள். ஊட்டும் கேபிளின் நடுக்கம்பி, வளையத்தின் ஒரு நடுக்கம்பி இரண்டும் டைபோலின் மேல்முனைக்கு. வளையத்தின் மறு நடுக்கம்பி கீழ்முனைக்கு. மூன்று பின்னல்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரு சிறு செம்புப் பட்டை வழியாகப் பின்கையின் தகட்டுக்கு.

மேல்முனை என்று சொன்னதைத் தடித்த எழுத்தில் எங்காவது எழுதி வையுங்கள். எல்லா டைபோலிலும் ஊட்டும் கேபிளின் நடுக்கம்பி மேலேதான் போக வேண்டும். ஒன்று தலைகீழானால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்: அடிவானத்தில் பள்ளம், மேலேயும் கீழேயும் சக்தி, எஸ்டபிள்யூஆர் மட்டும் அட்டகாசமாக இருக்கும். ஒவ்வொரு குழாயின் மேல்முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிட்டால் ஏணியில் நின்றுகொண்டு யோசிக்க வேண்டியதில்லை.

சால்டர் செய்யும்போது, குழாய் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 25 வாட் அயர்னை வைத்து அழுத்திக்கொண்டிருந்தால் ஈயம் உருகும் முன் கேபிளின் பாலிஎத்திலீன் உருகி, நடுக்கம்பி ஓரமாக நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும். முதலில் குழாய் முனைக்குத் தனியாக ஈயம் பூசுங்கள், அதற்கு 100 வாட் அயர்னோ சிறிய கேஸ் டார்ச்சோ வேண்டும். ஆறியபின் கம்பியை வைத்து இரண்டு விநாடியில் ஒட்டுங்கள்.

முடித்ததும் மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே பார்த்தால் பூஜ்ய ஓம் காட்டும். ஷார்ட் ஆகிவிட்டது என்று பிரித்துவிடாதீர்கள். நேர் மின்சாரத்துக்கு இந்த ஆன்டெனா ஷார்ட்தான்.

6. ஒன்றை மட்டும் கட்டி அளப்பது

டைபோலைக் கையில் பிடித்தோ, நாற்காலியில் சாய்த்தோ அளக்க வேண்டாம். கடைசியில் எந்தத் தடிமனுள்ள மாஸ்டில் போகப்போகிறதோ அதே தடிமன் ஜிஐ பைப்பை மொட்டை மாடியில் நிறுத்தி, பூமை மாட்டி, மையம் தளத்திலிருந்து 2 மீட்டராவது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி இருக்கிறது, அருகில் போனால் அதுவும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடும். மாஸ்ட் டைபோலுக்கு மேலேயும் கீழேயும் நீண்டிருக்க வேண்டும்.

பூம் நீளம் மாஸ்டிலிருந்து சுமார் 50 செ.மீ., கால் அலைக்குப் பக்கத்தில். இந்த தூரத்தில் மாஸ்ட் பிரதிபலிப்பான் மாதிரி வேலை செய்து முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக அனுப்பும்.

நானோவிஎன்ஏவை அளக்கும் கேபிளின் முனையில் வைத்து கேலிபரேட் செய்யுங்கள், பெட்டியின் வாயில் அல்ல. பிறகு 140 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப். அளக்கும்போது கேபிளைக் கையால் தடவிப் பாருங்கள். திரையில் கோடு ஆடினால் பின்னலின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறது என்று பொருள். கேபிளில் நான்கைந்து ஃபெரைட் மணிகள் போட்டுவிட்டு மறுபடி அளந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

ரியாக்டன்ஸ் பூஜ்யமாகும் இடத்தை, அதாவது டைபோல் ஒத்திசையும் அதிர்வெண்ணைத் தேடுங்கள். அது 143-இல் இருந்தால் டைபோல் நீளம், 147-இல் இருந்தால் குட்டை. முனைக்கு முனை ஒரு செ.மீ. மாற்றினால் ஏறத்தாழ ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் நகரும். 2 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால் அப்படியே விடலாம். மின்தடை 50-க்கும் 70 ஓமுக்கும் இடையில் எங்காவது நிற்கும். 50-தான் வேண்டும் என்று இங்கே மல்லுக்கட்ட வேண்டியதில்லை, காரணம் அடுத்த படியில்.

7. ஃபேஸிங் கேபிள்கள் (டைபோல்களை நடுப்பெட்டியோடு சேர்ப்பவை)

75 ஓம் கால் அலைக் கேபிள் ஒரு முனையில் உள்ள மின்தடையைப் புரட்டிப் போடும்: 75-இன் வர்க்கத்தை டைபோலின் மின்தடையால் வகுத்தால் மறுமுனையில் வருவது கிடைக்கும். டைபோல் 50 ஓம் என்றால் மறுமுனையில் 112. அப்படி இரண்டு இணையாகச் சேர்ந்தால் 56. டைபோல் 60 என்றால் 47. 70 என்றால் 40. மூன்றுமே 50-க்குப் பக்கம், மோசமான நிலையிலும் எஸ்டபிள்யூஆர் 1.25. இதனால்தான் இந்த வடிவத்தைப் புதியவர்களுக்குச் சொல்கிறேன், டைபோலில் இருக்கும் சின்னச் சின்னப் பிழைகளைக் கேபிள் மன்னித்துவிடுகிறது.

கேபிளை ஸ்கேலால் அளந்து வெட்டினால் மட்டும் போதாது. சுருளுக்குச் சுருள் வேகக் காரணி மாறும். 1.75 மீட்டருக்கு வெட்டி, ஒரு முனையில் நானோவிஎன்ஏ, மறுமுனை திறந்தபடி. ஒற்றைப்படைக் கால் அலையாக இருக்கும் அதிர்வெண்ணில் திறந்த முனை இந்தப் பக்கம் ஷார்ட்டாகத் தெரியும், ஸ்மித் சார்ட்டில் (நானோவிஎன்ஏ திரையில் வரும் வட்ட வரைபடம்) புள்ளி இடது ஓரத்துக்குப் போய்விடும். 28, 85 மெகாஹெர்ட்ஸ் அருகிலும் அப்படி ஆகும், அவற்றை விட்டுவிடுங்கள். மூன்றாவதாக 141-இல் வருவதுதான் நம்முடையது. முனையிலிருந்து ஒரு செ.மீ. வெட்டினால் சுமார் 0.85 மெகாஹெர்ட்ஸ் மேலே ஏறும். 145.3 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டுங்கள்.

பலூன் வளையத்துக்கும் இதே முறைதான், டைபோலில் ஒட்டும் முன்பு. ஆனால் அது அரை அலை என்பதால், முனை திறந்திருக்கும்போது முதல் ஷார்ட் 72.65-இல் வர வேண்டும்.

இரண்டு ஃபேஸிங் கேபிள்களும் ஒரே சுருளிலிருந்து, அடுத்தடுத்து வெட்டியவையாக இருக்கட்டும். நீளம் மிச்சமாகத் தெரிகிறதே என்று ஒன்றை வெட்டிவிடாதீர்கள். மிச்சத்தைப் பெரிய வளைவாக மாஸ்டில் கட்டுங்கள்.

நான்கு டைபோலுக்குப் போகிறவர்கள் இப்படி இரண்டு ஜோடி செய்து, ஜோடிகளின் பெட்டிகளை மறுபடியும் 75 ஓம் கேபிளால் சேர்க்க வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே 3.6 மீட்டர் இருக்கும், மையம் 1.8 மீட்டர் தூரம். எனவே ஏழு கால் அலை, 2.38 மீட்டர்.

8. நடுப்பெட்டி

டீ கனெக்டர்களும் அடாப்டர்களும் கோத்து இணைப்பது சுலபம், ஆனால் ஒவ்வொரு திருகும் ஒரு தொடு இடம், ஒவ்வொரு தொடு இடமும் பின்னாளில் ஒரு சந்தேகம். சிறிய பித்தளைப் பெட்டி ஒன்று செய்து, கீழே ஒரு 'N' வகைப் பெண் கனெக்டர் பொருத்தி, இரண்டு கேபிள்களின் பின்னல்களையும் பெட்டியின் சுவரிலேயே சால்டர் செய்யுங்கள். நடுக்கம்பிகள் கனெக்டரின் ஊசிக்கு, ஒரு செ.மீ.க்கு மேல் நீளம் இல்லாமல். பிஎல்-259 வகை வேண்டாம், மழைநீர் தங்கும், மின்தடையும் சீராக இருக்காது.

பெட்டியை மூடும் முன் முழு ஆன்டெனாவையும் மாடியில் நிறுத்தி அளந்துவிடுங்கள். 145.0 முதல் 145.6 வரை எஸ்டபிள்யூஆர் 1.3-க்குள் இருந்தால் போதும். 1.05 வர வேண்டும் என்று மல்லாடுவதில் அர்த்தமில்லை.

9. கட்டம் சரியா என்று பார்ப்பது

எஸ்டபிள்யூஆர் சொல்லாததை இந்தச் சோதனை சொல்லும். அடுத்த தெருவில், ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும் ஒரு மாடியில் எஸ் மீட்டருள்ள (சிக்னல் பலத்தைக் காட்டும்) ரேடியோவோடு நண்பர் ஒருவரை நிற்க வையுங்கள். நீங்கள் ஒரு கையடக்க ரேடியோவைக் குறைந்த சக்தியில் ஆன்டெனாவோடு இணைத்து அனுப்புங்கள்.

முதலில் ஒரு டைபோல் மட்டும் வேலை செய்ய வேண்டும். அதற்காக மற்றதன் கேபிளைக் கழற்றி முனையைத் திறந்து விட்டுவிடக் கூடாது. ஐந்து கால் அலைக் கேபிள் அந்தத் திறந்த முனையைப் பெட்டியில் ஷார்ட்டாகக் காட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கழற்றாமல், அந்த டைபோலின் ஊட்டும் இடைவெளிக்குக் குறுக்கே முதலைக் கிளிப் போட்டு ஷார்ட் செய்யுங்கள். ஷார்ட் பெட்டியில் திறந்த முனையாகத் தெரியும், அதாவது அந்த டைபோல் இல்லாதது போல ஆகிவிடும்.

நண்பர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டதும் கிளிப்பை எடுங்கள். கட்டம் சரியென்றால் சிக்னல் சுமார் 3 டெசிபெல் ஏறும், மீட்டரில் அரைக் கோடுதான் தெரியும். தலைகீழ் என்றால் அடித்து விழுத்தாட்டியது போல இறங்கும், குழப்பத்துக்கே இடமிருக்காது.

10. மழைக்கு முன் மூடுவது

பலூன் இணைப்பையும் பெட்டியையும் மூட சிலிக்கான் எடுப்பவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அது அமிலம் விடும் வகை, உள்ளே செம்பைப் பச்சையாக்கிவிடும். வாடை இல்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

கனெக்டர்களுக்கு, இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் ஓடு வேய்ந்தது போல மேல் சுற்று கீழ்ச் சுற்றை மூடும். அதன் மேல் பிவிசி டேப், வெயிலிலிருந்து காப்பதற்கு. பெட்டியின் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று விடுங்கள். எவ்வளவு மூடினாலும் உள்ளே ஈரம் உறையத்தான் செய்யும், அது வெளியேற வழி வேண்டும்.

கேபிள் டை கறுப்பாக, வெயில் தாங்கும் வகையாக இருக்கட்டும், வெள்ளை டை ஒரு கோடையில் உதிர்ந்துவிடும். மலையில் குரங்கு இருக்கிறதென்றால் தொங்கும் கேபிளே இல்லாமல் எல்லாவற்றையும் மாஸ்டோடு இறுக்கிக் கட்டுங்கள், தொங்குவது எதுவும் அவற்றின் கையில் தப்பாது.

11. மேலே ஏற்றுவது

பக்கத்தில் மின்கம்பி போனால், மாஸ்ட் சாய்ந்தாலும் எட்டாத தூரம் இருக்க வேண்டும். மாஸ்டின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவர் பெல்ட் இல்லாமல் ஏறக் கூடாது.

கேபிள் ஒவ்வொரு டைபோலிலிருந்தும் பூமோடு ஒட்டி நேராகப் பின்னால் மாஸ்டுக்குப் போகட்டும். டைபோலுக்கு இணையாகத் தொங்கவிட்டால் அதுவும் கதிர்வீசும். இரண்டு டைபோலும் நகரத்தைப் பார்த்து ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் பலம்; எதிரெதிராக வைத்தால் ஏறக்குறைய எல்லாத் திசையும். மலை விளிம்பில் ஒரே பக்கம்தான் சரி, பின்னால் இருக்கும் காட்டுக்கு யாரும் பேசப்போவதில்லை.

கீழே இறங்கும் கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆர்ஜி-58 இந்த அதிர்வெண்ணில் 30 மீட்டருக்கு ஐந்து டெசிபெலுக்கு மேல் விழுங்கும். அது மட்டுமல்ல, மேலே ஆன்டெனாவே கழன்று விழுந்திருந்தாலும் கீழே மீட்டரில் 1.8 என்று காட்டும். எல்எம்ஆர்-400 வகைக் கேபிளில் இழப்பு குறைவுதான், ஆனால் அதில் அலுமினியத் தாளின் மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் உரசிக்கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் பேசிக் கேட்கும் ரிப்பீட்டரில் அந்த உரசல் சத்தமாகக் கேட்கும். அரை இஞ்ச் ஹார்ட்லைன் (பின்னலுக்குப் பதில் திடமான செம்புக் குழாயே உறையாக உள்ள கேபிள்) கிடைத்தால் அதுதான். மொபைல் டவர் வேலையில் மிச்சமாகும் துண்டுகள் பழைய சாமான் கடைகளில் வருவதுண்டு. அது கிடைக்காவிட்டால் நல்ல ஆர்ஜி-213.

கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் அரெஸ்டர், அதற்கு நேரடி எர்த். நுழையும் முன் கேபிளைக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும். ஸ்டே ஒயர்கள் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வந்தால் முட்டை இன்சுலேட்டர் போட்டுத் துண்டாக்குங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு மட்டும் நைலான் கயிறு.

12. டெசென்ஸ் சோதனை (டிரான்ஸ்மிட்டர் ரிசீவரைச் செவிடாக்குகிறதா என்று பார்ப்பது)

இப்போதுதான் ஆன்டெனா தேறியதா என்று தெரியும். முதலில் டியூப்ளெக்சரின் (அனுப்புவதையும் வாங்குவதையும் ஒரே ஆன்டெனாவில் பிரித்து வைக்கும் வடிகட்டி) ஆன்டெனா வாயில் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடை). ஒரு டைரக்ஷனல் கப்ளர் வழியாக, இரைச்சலுக்கு நடுவே மட்டும் கேட்கும் அளவுக்குப் பலவீனமான சிக்னலை ரிசீவருக்குக் கொடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்தும் போட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். போட்டதும் இரைச்சல் கூடினால் பிரச்சினை டியூப்ளெக்சரிலோ ரேடியோவின் கவசத்திலோ இருக்கிறது, ஆன்டெனாவைத் திட்ட வேண்டாம், முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

டம்மி லோடில் சுத்தமாக இருந்தால் அதை எடுத்துவிட்டு ஆன்டெனாவை இணைத்து அதே சோதனை. வெளி இரைச்சல் கொஞ்சம் இருக்கும் என்பதால் சிக்னலை மறுபடி கேட்கும் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குங்கள். டிரான்ஸ்மிட்டரைப் போட்டதும் சிக்னல் மூழ்கினால் கோளாறு கேபிளிலோ ஆன்டெனாவிலோ மாஸ்டிலோ இருக்கிறது.

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு மரக்கட்டை போதும். டிரான்ஸ்மிட்டர் ஓடும்போது ஒருவர் மாஸ்டின் அடியிலிருந்து ஒவ்வொரு கிளாம்ப்பையும் ஸ்டே பிடியையும் தட்டிக்கொண்டே வரட்டும், இன்னொருவர் ரிசீவர் ஸ்பீக்கரைக் கேட்கட்டும். தட்டும்போது கரகரவென்று வந்தால் அந்த இடம்தான். பெரும்பாலும் நீங்கள் செய்த டைபோலாக இருக்காது. மாஸ்டில் முன்பே இருந்த பழைய டிவி ஆன்டெனா கிளாம்ப்போ, துருப்பிடித்த கைப்பிடிக் கம்பியோ, பக்கத்து வேலியின் சங்கிலியோ இருக்கும். அதைக் கழற்றி எறியுங்கள், முடியாவிட்டால் வெல்டு செய்து உறுதியாக ஒன்றாக்குங்கள், அதுவும் முடியாவிட்டால் இடையில் ரப்பர் வைத்துத் தொடாமல் பிரியுங்கள். தளர்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் நிலை மட்டும் இருக்கக் கூடாது.

எல்லாம் சரியானதும் நானோவிஎன்ஏ ஸ்வீப்பை ஒரு முறை மேலே ஆன்டெனா வாயிலும் ஒரு முறை கீழே கேபிள் முனையிலும் சேமித்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கீழே மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். எஸ்டபிள்யூஆர் கோட்டின் பள்ளம் கீழ் அதிர்வெண்ணுக்கு நகர்ந்திருந்தால் பலூனில் நீர் புகுந்திருக்கிறது. பள்ளம் நகராமல் எஸ்டபிள்யூஆர் எல்லா இடத்திலும் முன்பைவிட நன்றாகத் தெரிந்தால் இன்னும் கவலைப்பட வேண்டும்: கேபிளுக்குள் ஈரம் போய் இழப்பு கூடியிருக்கிறது. அப்படியானால் கேபிளையே மாற்றுங்கள், கனெக்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை.